அமுக்கினால் யாருக்குக் கேட்கும்?

நம் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையின் தென்கோடியில் இருக்கிறது பொழியூர். அதை அடுத்தது நீரோடி. அது குமரி மாவட்டம். இரண்டுக்கும் நடுவில் மாநில எல்லை ஓடுகிறது என்பதைக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே ஆட்சியின் கீழ். கொள்வினை, கொடுப்பினை, வலைப்பங்கு எல்லாம் இன்றைக்கும் ஒன்றாகவே நடக்கின்றன.

2018-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் அந்தப் பக்கத்து மாதா கோவில் மண்டபம் ஒன்றில் மீனவர் கூட்டம் நடந்தது. கடலில் ஆபத்து நேர்ந்தால் உதவி கோரும் கருவியைப் பற்றி விளக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஏ.ஜி. ஆபீஸில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற என்னை, நண்பர் ஒருவர் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். கணக்கனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அது விளங்கவில்லை. ஆயினும் போனேன்.

கருவி கைக்கு அடக்கமாக இருந்தது. தீப்பிடித்தல், படகு மூழ்குதல், மருத்துவ உதவி என ஆபத்தின் வகையையும் அதில் தெரிவிக்கலாம். பொத்தானை அழுத்தினால், படகு இருக்கும் இடத்தோடு செய்தி செயற்கைக்கோளுக்குப் போகும். அங்கிருந்து பெங்களூரிலுள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு நிலையம். அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம். நம் பக்கத்துக் கடலுக்கு மும்பை மையம் பொறுப்பு. இதையெல்லாம் நான் வரிக்கு வரி சொல்லி முடித்தேன். அப்போது பின் வரிசையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"சார், நான் அமுக்கினா அவியளுக்குக் கேட்டுதுண்ணு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதிகாரியிடம் கேட்டேன். செய்தி போகத் தொடங்கியதும் கருவியில் விளக்கு எரியும் என்றார். சொன்னேன்.

"போச்சு, சரி. கிடைச்சுதா?"

அந்தத் தலைமுறைக் கருவியில் அதற்கு வழி இல்லை. அதிகாரி நேர்மையானவர், இல்லை என்றே சொன்னார். பெரியவர் தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார். மண்டபத்தில் வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒக்கி புயல் கழிந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

2017 நவம்பர் 29-ந் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருந்தது. அதற்கு அடுத்த நாள் காலை, குமரிமுனைக் கடலில் அது புயலாகிவிட்டது. ஏறத்தாழ ஒரே நாளில் நடந்த மாற்றம். வங்கக் கடலில் பிறக்கும் புயல் ஆந்திரத்துக்கோ ஒரிசாவுக்கோ போகும் என்று பழகிப்போன நமக்கு, அது வாசலில் வந்து நின்றது புதிது. அன்று நகரத்துக்குள் மரங்கள் சாய்ந்ததையும் மின்சாரம் போனதையும் வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மாலையில் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் பெண்கள் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். புயல் லட்சத்தீவைக் கடந்து, டிசம்பர் 5-ந் தேதி இரவு குஜராத்தின் சூரத் பக்கத்தில் வலுவிழந்து கரையேறியது. நம் படகுகள் சில லட்சத்தீவில் ஒதுங்கின. சில மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தன. இரு மாநிலக் கரைகளிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அல்லது திரும்பவே இல்லை.

எச்சரிக்கை வந்ததா, எப்போது வந்தது, யாரிடம் வந்தது என்று பிறகு வெகுநாள் வாதம் நடந்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அதில் அடிபடாமல் போன ஒன்று உண்டு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் கிளம்பினால் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பவை. 29-ந் தேதி எவ்வளவு நல்ல எச்சரிக்கை கொடுத்திருந்தாலும், ஏற்கெனவே போய்விட்டவனுக்கு அதை எப்படிச் சேர்ப்பது? கைப்பேசி கரையிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேலை செய்யாது. வி.எச்.எஃப். வானொலி இன்னும் சற்றுத் தூரம் எட்டும். அதுவும் ஆன்டெனாவின் உயரத்தைப் பொறுத்தது. அதற்கப்பால் வானொலிப் பெட்டி அகப்பட்டால் அகப்பட்டது. இல்லையென்றால் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான்.

இது நடந்தது எந்த ஊரில் என்பதை நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1837-லேயே சுவாதித் திருநாள் மகாராஜா வானாய்வுக்கூடம் அமைத்த ஊர் இது; ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். வானிலை அலுவலகம் இன்றும் அந்தக் குன்றின் மேல்தான் இருக்கிறது. அதே குன்றில் தனியாகப் புயல் எச்சரிக்கை மையம் வந்தது 2018 அக்டோபரில், அதாவது ஒக்கிக்குப் பிறகு. தும்பாவின் கதையோ எல்லோருக்கும் தெரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் ராக்கெட் ஏவ இடம் வேண்டும் என்று விக்ரம் சாராபாய் வந்தபோது, பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா தம் மக்களிடம் கேட்டார். மீனவர்கள் தங்கள் வீடு, நிலத்தோடு மகதலேனா மரியாள் ஆலயத்தையும் கொடுத்தார்கள். ஆலயமே முதல் அலுவலகம் ஆயிற்று. இப்போது விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அதே நவம்பரில், அதே கரையின் மக்களுக்கு "திரும்பி வா" என்ற ஒரு சொல்லைக் கடலில் சேர்க்க முடியவில்லை.

ஒக்கிக்குப் பிறகு அரசு நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. ஹைதராபாதிலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ், விமான நிலைய ஆணையத்தோடு சேர்ந்து ஜெமினி என்ற கருவியைச் செய்து 2019 அக்டோபரில் வெளியிட்டது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் என்ற செயற்கைக்கோள் ஏற்பாட்டின் வழியாக, மீன் கிடைக்கும் இடமும் புயல் எச்சரிக்கையும் ஆழ்கடல் படகுக்கு வரும். கருவி அதை ப்ளூடூத் மூலம் சாதாரணக் கைப்பேசித் திரையில் காட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குக் காது மட்டும்தான் உண்டு. படகிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அதிகாரி காட்டிய கருவிக்கோ வாய் மட்டும்தான் உண்டு. 2010 முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை பயன்பாட்டுக்கு வந்த பிறகும் அது ஊமைக்குக் கடிதம் எழுதுகிற மாதிரிதான் இருந்தது. எழுதியவனுக்குப் பதில் வராது.

பதில் வராவிட்டால் என்ன, காப்பாற்ற ஆள் வந்தால் போதாதா என்று கேட்கலாம். நானும் அந்தப் பெரியவரிடம் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அப்படித்தான் கேட்டேன். இயந்திரம் நின்றுபோன படகில் இருப்பவன் இரண்டு முடிவில் ஒன்றை எடுக்க வேண்டும் என்றார் அவர். படகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கலாம். அல்லது கேனைக் கட்டிக்கொண்டு நீந்தலாம். ஆள் வருகிறது என்று தெரிந்தால் கிடப்பான். தெரியாவிட்டால் எத்தனை மணி நேரம் கிடப்பது? கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

அந்தக் கேள்விக்கு விடை 2024 ஜனவரியில் வந்தது. இஸ்ரோ இரண்டாம் தலைமுறைக் கருவியை வெளியிட்டது. ஆபத்துச் செய்தி கிடைத்ததும் பெங்களூர் நிலையத்திலிருந்து கருவிக்கு ஒப்புகை வரும். ஆபத்து இல்லாத நேரத்திலும் வானிலை எச்சரிக்கையைக் கரையிலிருந்து அனுப்பலாம். மீனவர் தம் மொழியிலேயே கைப்பேசியில் படிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ல், 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது.

இதிலும் ஒரு கவலை இருக்கிறது. இரண்டாம் தலைமுறைக் கருவிக்குப் பதில் வந்து சேர்வது நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாக. 2013 ஜூலை முதல் 2016 ஏப்ரல் வரை ஏழு ஏவினார்கள். சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. மாற்றாக ஏவியது 2017 ஆகஸ்ட் 31-ல் மூடி பிரியாமல் வீணாயிற்று. 2025 ஜனவரியில் போன என்.வி.எஸ்.-02 உரிய சுற்றுப்பாதைக்கு உயரவில்லை. கடலில் கிடப்பவனுக்கு வரவேண்டிய பதில் இந்தச் செயற்கைக்கோள்களை நம்பி இருக்கிறது என்பதை டெல்லியில் நினைவூட்ட யாராவது வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2008 நவம்பர் 26-ல் மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்தார்கள். அதன்பின் அடையாள அட்டை, படகுப் பதிவு, ரேடார் நிலையங்கள் என்று கடற்கரை பூராவும் காவல் ஏற்பாடுகள் வந்தன. தன்னைக் கண்காணிக்க வந்த கருவி இது என்று மீனவர் சந்தேகப்பட்டால் அதில் தவறு காண முடியாது. கருவி ஒன்றுதான், அது காவலும் காக்கும், உயிரும் காக்கும். எதற்காக முதலில் கேட்கிறார்கள் என்பதை மீனவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கரையிலுள்ள நமக்கு இந்தச் சிரமம் இல்லை. 112 என்று அழுத்தினால் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே எண்ணில் கிடைக்கின்றன. 2018 நவம்பரில் ஹிமாசலப் பிரதேசத்தில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய இந்த ஏற்பாட்டின் மென்பொருள் நம் ஊர் சி-டாக் நிறுவனத்தில் உருவானது. பழைய ஆட்கள் அதை இ.ஆர். அண்ட் டி.சி. என்றால்தான் அடையாளம் காண்பார்கள். எங்கள் தெருமுனையில் ஸ்கூட்டர் விபத்து நடந்த இரவு நானே அழைத்திருக்கிறேன். "இருங்கள், வண்டி கிளம்பிவிட்டது" என்று ஒரு பெண் சொன்னார். அடிபட்ட பையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் என்னால் உட்கார முடிந்தது அந்தச் சொல்லால்தான். பொழியூர்ப் பெரியவர் கேட்டது என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சென்ற ஆண்டு அவரை மறுபடி பார்க்கப் போனேன். அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை, மகன் போகிறான். புதிய கருவியைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய், மகன் வாங்கி வைத்திருந்த ஒரு பதிவுப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். படிவம் முழுவதும் ஆங்கிலம். படகின் பெயர், நிறம், நீளம், எத்தனை பேர் போவார்கள் என்று கேட்டிருந்தது. பதிவு இல்லாத கருவியிலிருந்து செய்தி வந்தால், அது யார் படகு, எவ்வளவு பெரியது என்று தேடுகிறவர்களுக்குத் தெரியாது என்பதால் இந்தக் காகிதம் முக்கியமானது. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். படகு நீலம், ஆனால் சென்ற மழையில் பாதி வெளுத்துவிட்டது, என்ன எழுதட்டும் என்றேன். நீலமென்றே எழுதச் சொன்னார், பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம். ஆபத்தில் கரையில் யாரை அழைக்க வேண்டும் என்ற இடம் வந்தது. தம் எண்ணைச் சொல்வார் என்று பேனாவைப் பிடித்திருந்தேன். அவர் மருமகளைக் கூப்பிட்டு, "ஒனக்க நம்பரச் சொல்லு" என்றார்.