பாரிஸ் பெட்டியில் வந்த சாங்கோக்கு

'டிராகன் பால்' நாயகனை எங்கள் வீட்டில் என் வயதுக்காரர்கள் இன்னும் கோக்கு என்று சொல்வதில்லை. சாங்கோக்கு என்போம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தப்பு எங்களுடையதல்ல, பிரெஞ்சு டிவியில் அவனுக்கு வைத்த பெயர் அது. காரைக்காலில் எங்கள் தெருவுக்கு அவன் ஜப்பானிலிருந்து வரவில்லை. பாரிஸ் புறநகரிலிருந்து என் பெரியப்பாவின் பெட்டியில், இரண்டு வாசனைச் சோப்புக்கும் ஒரு சாக்லேட் டப்பாவுக்கும் நடுவில் வந்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்த ஊரை இந்தியாவிடம் கைமாற்றிக் கொடுத்தது. அதற்கான ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. இங்கே பிறந்தவர்கள் வேண்டுமானால் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பங்கள் பல எழுதிக் கொடுத்தன. அவர்களுடைய பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள். கோடை விடுமுறைக்கு அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் மூலமாகத்தான் தஞ்சை, திருவாரூர்ப் பையன்கள் கேள்விப்படுவதற்குப் பல வருடம் முன்பே எங்களுக்குச் சூப்பர் சாயன் தெரியும்.

ஜப்பானுக்கு வெளியே டிராகன் பால் பைத்தியம் முதலில் பிடித்த நாடுகளில் பிரான்சும் ஒன்று. டிஎஃப்1 தொலைக்காட்சியில் 1987 முதல் 1997 வரை ஓடிய 'க்ளப் டொரத்தே' என்ற சிறுவர் நிகழ்ச்சியில், 1988-லேயே அது வந்துவிட்டது. ஜப்பான் கார்ட்டூன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அங்கும் பெரியவர்கள் கொதித்தார்கள். பின்னாளில் அதிபர் தேர்தலில் நின்ற செகோலேன் ருவயால், 1989-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். என் அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. ஆனாலும் அதே கருத்தைத்தான் விசிறிக் காம்பால் சொல்லிவந்தார்.

1993-இல் சூப்பர் நின்டெண்டோவுக்கான 'சூப்பர் புட்டோடென்' என்ற சண்டை விளையாட்டைப் பண்டாய் நிறுவனம் பிரெஞ்சு எழுத்துகளுடன் பிரான்சில் விற்றது. அடுத்த பாகத்துக்கு 'லா லெஜாந்த் சாயென்' என்று பெயர். இங்கே அதே 1993-இல்தான் சன் டிவி பிறந்தது. எங்களுக்கு டிவி கேம் என்றால் ஒரே கேசட்டில் 9999 ஆட்டம் என்று அட்டையில் பொய் சொல்லும் பெட்டி. மரியோ, காண்ட்ரா, அவ்வளவுதான்.

மாங்கனித் திருவிழா முடிந்து, வாசலில் மாங்கொட்டை காய்ந்து கிடந்த ஒரு ஜூலையில் பெரியப்பா மகன் சூப்பர் நின்டெண்டோவின் சாம்பல் நிறப் பெட்டியோடு வந்து இறங்கினான். கரண்ட் சொருகி எங்கள் பிளக்கில் பொருந்தியது. டிவிச் சொருகி பொருந்தவில்லை. அது விரல் நீளத்துக்கு அகலமாக, 21 முனையோடு இருந்தது. 'பெரிடெல்' என்றான். பிரான்சில் விற்கும் டிவிகளில் அதற்கான வாய் இருந்தே ஆக வேண்டும் என்பது அன்று அந்த நாட்டுச் சட்டமாக இருந்தது. எங்கள் டையனோரா டிவிக்கு எந்த நாட்டுச் சட்டமும் தெரியாது. பின்பக்கம் ஒரே ஒரு ஆண்டெனா ஓட்டை. டிவி ரிப்பேர் அண்ணன் வந்து பார்த்தார், வயரை முகர்ந்துகூடப் பார்த்தார், டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் நாங்கள் ஆடவே இல்லை. கூடவே வந்த கையேட்டைப் படித்தோம். படித்தோம் என்றால் தாத்தா படித்தார். இந்தோசீனாவில் துப்பாக்கி பிடித்தவர். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, சொல்தா பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று திண்ணையில் வாசித்தார். "கீழே அழுத்தி, முன்னாடி தள்ளி, அப்புறம் இந்தப் பொத்தானாம். கையிலேர்ந்து நெருப்பு வருதாம்டா." பத்துப் பையன்கள் வாய் பிளந்து கேட்டோம். ஒரு வீடியோ கேமைக் காலட்சேபமாகக் கேட்ட தலைமுறை நாங்கள்.

அடுத்த வருடம் பெரியப்பா அந்தச் சொருகிக்கேற்ற சின்ன டிவியையே சுமந்துவந்தார். அதன்பிறகு எங்கள் கூடம் எங்களுடையதாக இல்லை. பாயில் இரண்டு பேர் ஆடுவார்கள், பின்னால் பதினைந்து பேர். தோற்றவன் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்க் கடைசியில் உட்கார வேண்டும். அந்த ஆட்டத்தின் அழகு ஒன்று உண்டு. இரண்டு வீரர்களும் விலகிப் பறந்தால் திரை நடுவில் ஒரு கோடு விழுந்து இரண்டாகப் பிரியும், நெருங்கி வந்தால் கோடு மறைந்துவிடும். சண்டைக்காரர்கள் பக்கத்தில் வந்தால் ஒரே உலகம், தள்ளிப் போனால் இரண்டு உலகம். அதை வடிவமைத்தவர் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எதற்காகச் சண்டை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது. பெரியப்பா மகன் அரைத் தமிழில் சொன்ன கதையைக் கேட்டு, அவனோடு மோதும் வெஜிட்டாவை நான் சாங்கோக்குவின் தாய்மாமன் என்றே நெடுநாள் நம்பினேன். அடுத்த தெருச் சபராளி வீட்டுப் பையன் சிங்கப்பூரிலிருந்து அவன் வாப்பா அனுப்பிய ஜப்பானியக் கேசட்டைக் கொண்டுவந்து, நாங்கள் சொல்லும் பெயரெல்லாம் தப்பு என்றான். அவனை ஒரு வாரம் ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

பிறகு வந்த பிளேஸ்டேஷன் 2 காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. எல்லா ஊரிலும் நடந்ததுதான். சிப் போட்ட மெஷின், மணிக்கணக்குக் காசு, கடைக்காரர் சுவரில் எழுதிய 'ரிமோட்டை அடிக்காதே'. 2007-இல் வந்த 'புடொகாய் டென்காய்ச்சி 3' மட்டும் தனி. வடிவ மாற்றங்களையும் சேர்த்து 161 பாத்திரங்கள். யாரை எடுப்பது என்று யோசிப்பதிலேயே பாதிக் காசு போய்விடும். கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்த அந்தக் கடைப் பையன்கள் எல்லாரும் 'கோக்கு' என்றார்கள். சாங்கோக்கு அங்கேயே தோற்றுவிட்டான்.

இன்று என் தங்கை மகனுக்கு விளையாட்டு பெட்டியில் வர வேண்டியதில்லை. டென்காய்ச்சி 3-இன் வாரிசான 'ஸ்பார்க்கிங் ஸீரோ' 2024 அக்டோபர் 11 அன்று வெளியானபோது பாரிஸுக்கும் காரைக்காலுக்கும் ஒரே நாள்தான். 182 பாத்திரங்கள், 24 மணி நேரத்தில் 30 லட்சம் பிரதி போனதாக அறிவித்தார்கள். மூலக்கதையை வரைந்த அகிரா தோரியாமா அதே ஆண்டு மார்ச் 1 அன்று இறந்துபோனார். பிரெஞ்சு அதிபர் மக்ரோன், தோரியாமா தமக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த படத்தைப் போட்டு அஞ்சலி செலுத்தினார். ருவயால் புத்தகத்திலிருந்து அங்கே வந்துசேர 35 வருடம்.

தங்கை மகன் வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அது வாங்க முடியாத அவன் நண்பர்கள், 2010-இல் கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வந்த 'டென்காய்ச்சி டேக் டீம்' ஆட்டத்தைச் செல்போனில் எமுலேட்டர் போட்டு ஆடுகிறார்கள். யார் யாரோ புதுப் பாத்திரங்களைத் திருத்திச் சேர்த்த பதிப்பு. கதை அவர்களுக்கு அத்துப்படி. நான் வெஜிட்டாவைத் தாய்மாமன் என்றதைக் கேட்டு மருமகன் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அனிமே படங்கள் தியேட்டரிலேயே தமிழ் பேசுகின்றன. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' 2025 செப்டம்பர் 12 அன்று தமிழிலும் வந்தது. ஸ்பார்க்கிங் ஸீரோவில்தான் தமிழ் எழுத்து இன்னும் ஏறவில்லை. தாத்தா இருந்தால் வேலை கொடுத்திருக்கலாம்.

ஞாயிறு மாலைகளில் மருமகன் பாரிஸில் இருக்கும் என் பெரியப்பாவின் பேரனோடு 'டிராகன் பால் ஃபைட்டர்ஸி' ஆடுகிறான். 2018-இல் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் செய்தது. சண்டை விளையாட்டில் திரை நொடிக்கு 60 முறை மாறும். ஒரு பிரேம் என்பது சுமார் 17 மில்லிவினாடி. அவனுக்கும் இவனுக்கும் நடுவில் நேர்கோட்டில் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அடி போய்ச் சேரவே 40 மில்லிவினாடி, இரண்டு மூன்று பிரேம். கடலடிக் கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் இன்னும் தாமதம். முன்பு அந்தத் தாமதத்துக்காக இரு பக்கமும் காத்திருக்கும். பொத்தான் சேற்றில் புதைந்ததுபோல இருக்கும் என்பான். 2024 பிப்ரவரியில் 'ரோல்பேக்' என்ற முறையைச் சேர்த்தார்கள். எதிராளி என்ன அழுத்துவான் என்று மெஷினே ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் பொய்த்தால் சட்டென்று பின்னால் போய்த் திருத்தி ஓட்டும். பாயில் தோள் உரசி உட்கார்ந்த காலத்தில் நாங்கள் எதிராளியின் கட்டைவிரலைத் திருட்டுத்தனமாகப் பார்த்து ஊகித்தோம். அதைத்தான் இப்போது கணக்குப் போட்டுச் செய்கிறார்கள்.

அன்றைய கூடம்தான் நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தக் கூடத்தில் ஒரு பெண்பிள்ளை ரிமோட்டைத் தொட்டதில்லை. என் தங்கை உட்பட. இன்று அந்த வீட்டில் மகனை அடித்து நொறுக்குகிறவள் அவள்தான். ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. ஸ்பார்க்கிங் ஸீரோ வெளியானபோது ஒரே வீட்டில் ஒரே டிவியில் இருவர் ஆட வேண்டுமென்றால் ஒரே ஒரு களம்தான் தந்தார்கள்: கதையில் வரும், காலம் வேறு கணக்கில் ஓடும் பயிற்சி அறை. மேடு பள்ளம் இல்லாத வெள்ளைவெளி. உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறவனோடு மோத மலையும் கடலும் நகரமும் கிடைத்தன; பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவோடு மோத வெறும் வெள்ளை அறை. இரண்டு திரைக்கும் உலகத்தை இரண்டு முறை வரைவது மெஷினுக்குப் பெரும் பாரம் என்பது புரிகிறது. என்றாலும் அது ஒரு கஞ்சத்தனம்.

போன வருடம் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது பெரிடெல் வயர் கிடைத்தது, கேசட் கிடைத்தது. தாத்தா வாசித்த கையேட்டைக் காணோம். பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருக்கும். காரைக்காலிலும் நிரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் சொல்தா வீட்டுப் பரண்களில் இன்னும் சில இருக்கக்கூடும். போகிக்கு ஒழிக்கும்போது பிரெஞ்சில் அச்சிட்ட, முள்முடிப் பையன் படம் போட்ட சிறு புத்தகம் கைக்கு வந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒரு நாள் வந்து படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன்.