மரியாளின் ஊழியர் சபை: தோற்றமும் சமூகப் பின்னணியும்

நம்மிடையே வேரூன்றியுள்ள வியாகுல மாதா பக்தியை உலகெங்கும் பரப்பியதில் மரியாளின் ஊழியர் சபைக்குப் பெரும் பங்குண்டு. அச்சபையின் தோற்றத்தை அற்புதக் காட்சியால் விளக்குவது மரபு. நாம் அதன் சமூக அடித்தளத்தை நோக்குவோம்.

1233இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அதனைத் தொடங்கிய எழுவரும் வணிகர் எனச் சபை மரபு கூறும். கம்பளி வாணிபமும் வட்டித் தொழிலும் நகரை வளப்படுத்திய காலம் அது. திருச்சபையோ வட்டியைப் பாவமெனக் கண்டித்தது. இம்முரண்பாட்டிடையே எழுவரும் உடைமை துறந்து, அண்மையிலுள்ள மொந்தே செனாரியோ மலையை அடைந்தனர். சபைப் பெயரிலுள்ள 'செர்வி' என்னும் இலத்தீன் சொல் பண்ணையடிமைகளையும் குறித்தது. செல்வர் அப்பெயரைத் தமக்கு இட்டுக்கொண்டமை செல்வத்தின் மீதான கண்டனமே எனலாம்.

ஆயினும், அக்கண்டனம் உற்பத்தி உறவுகளைத் தீண்டவில்லை. 1304இல் பாப்பரசர் பதினோராம் பெனடிக்ட் சபையை அங்கீகரித்தார், துறவு நிறுவனமாயிற்று. துறப்பதற்கு உடைமையே இல்லாத கம்பளித் தொழிலாளர் 1378இல் அதே நகரில் கிளர்ந்தெழுந்தனர்.