லண்டன் சுவரில் மதுரை!

மாட்டு வண்டியில் காமிரா கொண்டுவந்த கேப்டன்

படக் கண்காட்சி என்றால் மதுரைக்காரர்களுக்குப் புதிது அல்ல. தமுக்கத்தில், ராணி மங்கம்மாளின் அரண்மனையில், காந்தி மியூசியம் இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந்தேதி பிரதமர் நேரு அதைத் திறந்துவைத்தார். காந்தியடிகளின் வாழ்க்கையைப் படம் படமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேரனின் விரலைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து கதை முழுவதையும் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் மதுரையே படமாகிக் கடல் கடந்த ஊர்களில் சுவரில் தொங்கிய கதை பலருக்குத் தெரியாது.

2014-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. 2015 தொடக்கத்தில் அது நியூயார்க்குக்குப் போனது. அங்கிருந்து லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்கு வந்து, அக்டோபர் வரை இருந்தது. மூன்று மாநகரங்கள், ஏறக்குறைய ஓராண்டு!

வரிசையாக மாட்டியிருந்த படங்களில் வைகை உண்டு. தெப்பக்குளம் உண்டு. புதுமண்டபம் உண்டு. எல்லாம் 1858-ல் எடுத்தவை. எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்காரக் கேப்டன்.

யார் இந்த ட்ரைப்?

இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்று ஒரு துறைமுகம். அங்கே 1822-ல் பிறந்தவர் ட்ரைப். இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போனபோது போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். அப்போது அது புத்தம் புதிய வித்தை. துப்பாக்கி பிடித்த கை, காமிராவைப் பிடித்துக்கொண்டது. 1854-ல் பெங்களூருக்குத் திரும்பியவர், அந்த ஆண்டின் கடைசியில் ஹளபேடு, பேலூர் கோவில்களைப் படம் எடுத்தார்.

1855-ல் சென்னைப் பட்டணத்தில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. தென்னாட்டு விளைபொருள்கள், கைவேலைகள், எல்லாம் அதில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றோடு ட்ரைப்பின் 68 படங்களும் இருந்தன! நடுவர்கள் அவருக்கு முதல் தரப் பதக்கம் கொடுத்தார்கள். படக் கண்காட்சி இப்போது வந்த நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தென்னாட்டில் ரயில் ஓடத் தொடங்கியதே அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

அந்தப் பதக்கத்தோடு அதிர்ஷ்டமும் வந்தது. பர்மா ராஜாவிடம் போன தூதுக் குழுவில் ட்ரைப்பைச் சேர்த்தார்கள். திரும்பி வந்ததும், 1856-ல், அவர் சென்னை மாகாணத்துக்குச் சர்க்கார் போட்டோகிராபர் ஆனார். பழைய கோவில்கள், அரண்மனைகள், கோட்டைகள் இடிந்துபோகும் முன் அவற்றைப் படம் எடுத்து வைக்கவேண்டும் என்பது அவருக்கு இட்ட வேலை.

மெழுகுக் காகிதமும் மொட்டை வெயிலும்

1857 டிசம்பரில் ட்ரைப் புறப்பட்டார். வடக்கே சிப்பாய்களின் புரட்சித் தீ இன்னும் அணையவில்லை. இங்கே தெற்கே, மாட்டு வண்டிகளில் காமிராவும் ரசாயனப் புட்டிகளும் ஏறின. ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிவிட்டு, 1858 ஏப்ரல் கடைசியில் சென்னை போய்ச் சேர்ந்தார். மதுரையில் அவர் இருந்தது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். நம் கணக்குக்குத் தையும் மாசியும்.

இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் படம் வந்துவிடுகிறது. அன்று?

படச்சுருள் என்பதே அப்போது கிடையாது. ட்ரைப் பெரும்பாலும் காகிதத்தையே பயன்படுத்தினார். நல்ல காகிதத்தில் மெழுகு ஏற்றி, வெள்ளி கலந்த மருந்தில் நனைத்து, இருட்டில் காயவைத்து, காமிராவுக்குள் வைக்கவேண்டும். காகிதம் சின்னது அல்ல. நீளம் 15 அங்குலம், அகலம் 12 அங்குலம். அதற்கு ஏற்ற காமிரா எவ்வளவு பெரிய பெட்டியாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்! மூடியைத் திறந்தால் நிமிடக் கணக்கில் அப்படியே விடவேண்டும். காற்று அடித்துக் காமிரா ஆடினால் போயிற்று. பிறகு மறுபடியும் இருட்டில் மருந்து, கழுவல், காயவைத்தல். இவ்வளவும் செய்து கிடைப்பது கறுப்பு வெள்ளை மாறிய மூலப் படம்தான். அதைப் புதுக் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டினால்தான் சரியான படம் விழும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் காலத்து மருந்துக்கு நீல நிறம் எல்லாம் வெளுப்பாகத்தான் தெரியும். கோபுரம் தெளிவாக விழுந்தால், அதற்குப் பின்னால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்து, மூலப் படத்தின் மேலேயே மேகங்களைத் தீட்டிவிட்டார்! அவர் படங்களில் மதுரை வானத்தில் அழகாகத் தவழும் மேகங்களைக் கண்டு யாரும் ஏமாறவேண்டாம். சில மேகங்கள் அவர் கைவேலை.

ஆள் இல்லாத ஊர்

இந்தப் படங்களை முதன்முதல் பார்க்கிறவர்களுக்கு ஒரு திகைப்பு ஏற்படும். மதுரையில் மனிதர்களே இல்லை!

எந்நேரமும் கூட்டம் மொய்க்கும் ஊர் இது. பூக்காரிகள், பல்லக்கு, மாட்டு வண்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் ஆட்கள், யாரையும் காணோம். எங்கே போனார்கள்?

எங்கும் போகவில்லை. காமிராவின் கண் நிமிடக் கணக்கில் திறந்திருக்கும்போது, நடந்து போகிறவர் படத்தில் பதியமாட்டார். நின்றது பதியும், நடந்தது மறையும். கல் தூண் நின்றது. மனிதர் நடந்தார். அசையாமல் உட்காரவைத்த ஓர் ஆள் எங்காவது தென்பட்டால் அதுவே அதிசயம். அரைகுறையாக நின்றுவிட்டுப் போனவர் புகை மாதிரி விழுவதும் உண்டு. பேய் என்று பயப்படவேண்டியது இல்லை! பொறுமை இல்லாத ஆசாமி, அவ்வளவுதான்.

ஆகவே, அந்தப் படங்களில் நம் பாட்டனுக்குப் பாட்டன்மார் உண்டு. கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

புதுமண்டபத்தில் ஒரு பார்வை

ட்ரைப்பின் மதுரைப் படங்கள் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றில் புகழ் பெற்றது புதுமண்டபப் படம். திருமலை நாயக்கர் கட்டியது இந்த மண்டபம். அதன் பக்கத் தாழ்வாரத்தை மேற்கேயிருந்து பார்த்தபடி எடுத்திருக்கிறார். தூண்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. கிட்டத்துத் தூணில் உளி போட்ட கோடுகூடத் தெரிகிறது. கடைசித் தூண் வெளிச்சத்தில் கரைகிறது.

மதுரைக்காரர்களுக்குப் புதுமண்டபம் என்றால் வேறு காட்சி நினைவுக்கு வரும். தையல் மெஷின்களின் சத்தம், பாத்திரக் கடை, புத்தகக் கடை, தொங்கும் துணிமணிகள். பல தலைமுறைகள் அங்கே பிழைத்தன. சிற்பங்களைப் பார்க்க வந்தவர் துணியை விலக்கிக்கொண்டு பார்க்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைகள் பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. இப்போதுதான் மண்டபம் ட்ரைப்பின் படத்தை நெருங்கி வருகிறது!

நாயக்கர் மகாலின் கதை இதற்கு நேர் எதிர். ட்ரைப் வந்தபோது அது பாழடைந்து கிடந்தது. பெரும் பகுதியை நாயக்கர் வம்சத்திலேயே பின்னால் வந்த சொக்கநாத நாயக்கர் பிரித்து எடுத்துவிட்டார். மிஞ்சியதை 1866-ல் சென்னைக் கவர்னராக வந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார். இன்று மாலையில் ஒலி-ஒளிக் காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் பார்ப்பது, பழுது பார்த்த மகால். அதற்கு முந்திய நிலையைப் பார்க்கவேண்டுமானால் ட்ரைப்பின் படங்களைத்தான் பார்க்கவேண்டும்.

விளக்குத்தூணையும் அவர் விடவில்லை. கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரியவைத்தார். வெளி வீதிகள் பிறந்தது அப்படித்தான். அவர் நினைவாக நட்டது அந்தத் தூண். ட்ரைப் படம் எடுத்தபோது அது ஊருக்குப் புதிய அலங்காரம். இன்று ஜவுளிக் கடைக்குப் போகிறவர்கள் அண்ணாந்துகூடப் பார்ப்பது இல்லை.

வைகைப் படத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த தரைப்பாதை, மதுரையை நோக்கிப் போகிறது. ஏ.வி. பாலம் அப்போது ஏது? அது 1889-ல் அல்லவா வந்தது! ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் அக்கரைக்காரர் அக்கரையிலேயே தங்கவேண்டியதுதான்.

பெண்கள் விரும்பிப் பார்க்கும் படம் ஒன்றும் உண்டு. அது மீனாட்சியம்மன் கோவில் நகைகளின் படம்.

"இது ஆடம்பரச் செலவு!"

இத்தனை பாடுபட்டவருக்குக் கிடைத்த பரிசு என்ன?

1858-ல் கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்தது. புரட்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன் கணக்கைப் புரட்டினார். போட்டோ இலாகாவா? வீண் ஆடம்பரம் என்று தீர்த்துவிட்டார். 1860-ல் கடை கட்டவேண்டியதாயிற்று.

தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தைச் சுற்றிய கல்வெட்டுகளைக் காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஒரே படமாக்கியவர் ட்ரைப். நீளம் 19 அடி! மூன்று ஆட்கள் வரிசையாகப் படுத்தாலும் எட்டாது. அந்த மனிதர் பிறகு காமிராவைத் தொட்டது மிக அபூர்வம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, ஊருக்குப் போய், சிப்பியும் பவளமும் சேர்த்துக்கொண்டு காலம் கழித்தார். 1902-ல் இறந்தார்.

அவர் படங்களோ லண்டனிலும் நியூயார்க்கிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ராஜ மரியாதையோடு இருக்கின்றன. பழைய காகிதப் படம் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அதனால் இத்தகைய கண்காட்சிகளில் அறையை மங்கலாகவே வைத்திருப்பார்கள். முதல் தடவை போகிறவர் "கரண்ட் போய்விட்டதா?" என்று கேட்கலாம். கொஞ்சம் நின்றால் கண் பழகிவிடும். அவசரப்பட்டு ஓடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

லண்டன் போக முடியாதவர்கள் வருந்தவேண்டாம். அந்த மியூசியங்கள் ட்ரைப்பின் படங்களைத் தங்கள் இணையதளங்களில் வைத்திருக்கின்றன. காசு கிடையாது. வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் செல்போனில் எடுத்துக் காட்டிவிடும். அதோடு நிற்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தந்த இடத்துக்கே குடும்பத்தோடு போய், படத்தையும் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தக் கண்காட்சி மதுரையைத் தவிர வேறு எந்த ஊரிலும் நடக்காது.

யானை அங்கேயே படுத்திருக்கிறது

கடைசியாக ஓர் இடம். ஊரைத் தாண்டி, மேலூர் சாலையில், ஒத்தக்கடை. ட்ரைப் இங்கேயும் காமிராவோடு வந்து யானைமலையை எடுத்திருக்கிறார். ஒரு படத்தில் மலையின் ஒரு முனையிலிருந்து பார்க்கிறார். வெட்டவெளி, அதன் நடுவே மொட்டைப் பாறை.

மதுரைச் சமவெளியில் பாறைக் குன்றுகளின் கதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டன. முறைகேடுகளை விசாரிக்க 2014-ல் ஐகோர்ட்டு சகாயம் ஐ.ஏ.எஸ்.ஸை நியமித்தது. 2015-ல் அவர் அறிக்கை கொடுத்தார். ட்ரைப்பின் மதுரைப் படங்களை அமெரிக்காவிலும் லண்டனிலும் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே காலம்!

அறுபட்ட குன்றுகளையும் யாராவது ஒருவர் முன்பே படம் எடுத்து வைத்திருந்தால், "இங்கே இப்படி ஒரு மலை இருந்தது" என்று காட்டலாம்.

யானைமலைக்கும் ஆபத்து வராமல் இல்லை. 2010-ல் அங்கே சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தது. சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். யோசனை கைவிடப்பட்டது.

1858-ம் ஆண்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ஒத்தக்கடையில் நின்று பார்க்கலாம். முன்னால் வீடுகள், கடைகள், மின்கம்பங்கள், பஸ்கள். அவற்றுக்குப் பின்னால், படத்தில் இருக்கிற அதே முதுகோடு, யானை படுத்திருக்கிறது.