சேர்ச்சிலும் கூப்பன் அரிசியும்

வாப்பாவின் புத்தக அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், ஏதோவொரு பழைய சஞ்சிகையிலிருந்து வெட்டி ஒட்டிய வின்ஸ்டன் சேர்ச்சிலின் படம் ஒன்று இருந்தது. சுவரில் மனிசப் படம் மாட்ட மூத்தம்மா விடமாட்டா. அதனால்தான் கதவின் உட்பக்கம். வாப்பா ஆங்கில ஆசிரியர். 1940ஆம் ஆண்டில் சேர்ச்சில் ஆற்றிய உரைகளை மனப்பாடமாகச் சொல்லுவார். "அந்த மனிசன் இல்லாட்டி ஹிட்லர்தான் உலகத்த ஆண்டிருப்பான்" என்பார். மூத்தம்மா அடுப்படியில் இருந்தபடியே, "உங்கட சேர்ச்சில் காலத்திலதான் நாங்க சோத்துக்குப் பதிலா மரவள்ளிக்கிழங்கு திண்டம்" என்று சொல்லி முடிப்பா.

இந்த இரண்டு பேச்சையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு நீண்ட காலம் எடுத்தது.

வாப்பா சொன்னதில் பிழையில்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். 1940 மே 10ஆம் திகதி சேர்ச்சில் பிரதமரானார். அந்த மாதம் முடியுமுன்பே பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. இத்தாலியை நடுவே வைத்து ஹிட்லருடன் சமரசம் பேசிப் பார்க்கலாமா என்ற யோசனையை வெளிநாட்டு அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபு யுத்த அமைச்சரவையில் முன்வைத்தார். சேர்ச்சில் மறுத்தார். அந்த மறுப்பு உலக வரலாற்றை மாற்றியது என்று சொல்வது மிகையல்ல. 2002இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் பிரித்தானியர்கள் அவரைத் தங்கள் நாட்டின் தலைசிறந்த மனிதராகத் தெரிவு செய்ததும் இதற்காகத்தான்.

ஆனால் ஒரு தலைவரை அவர் காப்பாற்றிய மக்களின் வாக்கை மட்டும் வைத்து அளக்க முடியுமா? அவரது ஆட்சியின் கீழ் இருந்தும் அவருக்கு வாக்களிக்க முடியாத கோடிக்கணக்கானோர் இருந்தார்கள். நாங்களும் அதில் அடக்கம்.

எங்கட சமூகத்தில் சேர்ச்சிலைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே பலஸ்தீனும் ஈராக்கும்தான் வரும். நியாயம்தான். 1921இல் குடியேற்ற நாடுகளின் செயலாளராகக் கெய்ரோவில் மாநாடு கூட்டி, பைசலை ஈராக்கின் மன்னராக்கும் முடிவை எடுத்தவர் அவர்தான். ஈராக்கை விமானப் படையின் குண்டுகளைக் கொண்டு மலிவாக அடக்கி வைக்கும் திட்டத்துக்கும் அவரே பின்பலம். 1937இல் பீல் ஆணைக்குழு முன் சாட்சியமளித்தபோது, பலஸ்தீன மக்களுக்கு அந்த மண்ணில் இறுதி உரிமை இருப்பதாகவே அவர் ஏற்கவில்லை. ஆனால் ஈராக்கியர் மீது நச்சு வாயு வீசினார் என்று நம்மவர்கள் மேடையில் முழங்குவதை நான் ஏற்கமாட்டேன். வாயுவைப் பயன்படுத்தலாம் என்று 1919இல் அவர் குறிப்பு எழுதியது உண்மை. கண்ணீர்ப்புகை போன்றவையே அவர் மனதில் இருந்தன என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியாயினும் விமானங்களிலிருந்து அது வீசப்பட்டதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குற்றப்பத்திரிகையில் ஒரு பொய் இருந்தாலும் மற்ற உண்மைகளும் அடிபட்டுப் போகும். இன்னொன்று: லண்டனில் பள்ளிவாசல் ஒன்றுக்குக் காணி வாங்க ஒரு லட்சம் பவுண் ஒதுக்கியதும் 1940 ஒக்டோபரில் இதே சேர்ச்சிலின் யுத்த அமைச்சரவைதான்.

என்னைப் பொறுத்தவரை அவரது கணக்கில் மிகப் பெரிய கடன் வங்காளம்.

1943 வங்கப் பஞ்சத்தில் மாண்டவர் பதினைந்து லட்சம் என்றது அரசாங்க விசாரணை ஆணைக்குழு. ஏறத்தாழ முப்பது லட்சம் என்று கணித்தார் அமர்த்தியா சென். சிறுவனாகச் சாந்திநிகேதனில் அந்தப் பட்டினி ஊர்வலங்களைக் கண்ணால் கண்டவர் அவர். மழை பொய்த்து வந்த பஞ்சமல்ல இது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானிடம் வீழ்ந்து பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் வந்தால் கைக்கு எதுவும் கிடைக்கக்கூடாது என்று கரையோர மாவட்டங்களில் அரிசியை அகற்றினார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளையும் பறித்தார்கள். ஆற்று நாட்டில் படகைப் பறிப்பதென்றால் மீனவனின் கையையும் வியாபாரியின் காலையும் சேர்த்து வெட்டுவதுதான். ஒக்டோபரில் மிதினாப்பூர்ப் பக்கம் சூறாவளி அடித்தது. பயிரில் நோயும் விழுந்தது. யுத்தச் செலவுக்கு அச்சடித்த காசு விலையை ஏற்ற, கூலிக்காரனுக்கு எட்டாத இடத்துக்கு அரிசி போயிற்று. கிழக்கு வங்காளத்தில் அந்தக் கூலிக்காரரும் மீனவரும் படகோட்டிகளும் பெரும்பாலும் முஸ்லிம்கள்.

1943 ஓகஸ்டில் இந்திய அரசு ஐந்து லட்சம் தொன் தானியம் கேட்டபோது, யுத்த அமைச்சரவை அதில் சிறு பங்குக்கே சம்மதித்தது. கப்பல் இல்லை என்பது காரணம். ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை விழுங்கிக்கொண்டிருந்ததும் உண்மை. ஆனால் கப்பல் இல்லாமை மட்டும் காரணமல்ல, பிரித்தானியாவின் சொந்தக் கையிருப்பை உயர்த்தி வைப்பதே முதன்மை பெற்றது என்று மதுஸ்ரீ முகர்ஜி 2010இல் வெளியான தனது நூலில் வாதிடுகிறார். சேர்ச்சிலின் ஆதரவாளர்கள் 1944 ஏப்ரலில் அவர் ரூஸ்வெல்ட்டிடம் கப்பல் கேட்டு எழுதிய கடிதத்தைக் காட்டுவார்கள். கடிதம் உண்மை. ரூஸ்வெல்ட் மறுத்ததும் உண்மை. ஆனால் கல்கத்தா நடைபாதைகளில் பிணங்கள் கிடந்த படங்களை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை வெளியிட்டது 1943 ஓகஸ்டில். இடையில் எட்டு மாதம் போய்விட்டது.

இந்தியர்களைப் பற்றி அமைச்சரவையில் அவர் கொட்டிய ஏளனங்களைக் குறித்து வைத்தவர் எதிரியல்ல. அவரது சொந்தக் கட்சிக்காரர், இந்தியாவுக்கான செயலாளர் லியோ எமெரி. ஒரு நாள் கோபத்தில், இவரது பார்வைக்கும் ஹிட்லருடையதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றே எமெரி தன் நாட்குறிப்பில் எழுதினார். பஞ்சத்தைச் சேர்ச்சில் உண்டாக்கினார் என்று நான் சொல்லவில்லை. தணிக்கக்கூடிய அதிகாரம் கையில் இருந்தும் தாமதித்தார் என்கிறேன். அந்தத் தாமதத்தில் அவரது வெறுப்புக்குப் பங்கில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நமக்குக் கசப்பான பகுதி. பஞ்சம் உச்சத்துக்கு வந்தபோது வங்காள மாகாணத்தை ஆண்டது கவாஜா நாஸிமுத்தீன் தலைமையிலான முஸ்லிம் லீக் அமைச்சரவை. உணவு வழங்கலுக்குப் பொறுப்பான அமைச்சர் ஸுஹ்ரவர்தி. அரிசிக்குத் தட்டுப்பாடில்லை, பதுக்கல்காரர்தான் பிரச்சினை என்று அந்த அமைச்சரவை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. லண்டனைக் குற்றக்கூண்டில் ஏற்றும்போது இவர்களை வெளியே நிறுத்திவைக்க எனக்கு மனமில்லை.

இதைவிடவும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. 1943 ஜனவரியில் வைஸ்ராய் லின்லித்கோ எமெரிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அப்போது வங்காளப் பிரதமராக இருந்தவர் பஸ்லுல் ஹக். வங்காளத்துக்கே தட்டுப்பாடு வந்தாலும் பரவாயில்லை, இலங்கைக்கு இன்னும் கொஞ்சம் அரிசி தந்தேயாக வேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாக அதில் இருக்கிறது.

இலங்கைக்கு!

காரணம் விளங்காததல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட பிறகு, இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவுக்கு மிஞ்சிய பெரிய தளம் இந்தத் தீவுதான். நம் றப்பரும் யுத்தத்துக்குத் தேவைப்பட்டது. பர்மா அரிசியை நம்பி வாழ்ந்த தீவு பட்டினி கிடந்து குழப்பம் வந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஆகவே கூப்பனும் பங்கீடும் கோதுமை மாவும் வந்தன. நாங்கள் மெலிந்தோம், ஆனால் வங்காளத்தைப்போல் சாகவில்லை. யுத்தத்துக்குத் தேவைப்பட்ட இடத்தில் இருந்தோம். மிதினாப்பூர்க் குடியானவனை யுத்தம் தேவையென்று கருதவில்லை.

வாப்பா மௌத்தான பிறகு அலுமாரியைத் திறந்தேன். படத்தைக் கிழிக்கவில்லை. பக்கத்தில் ஸைனுல் ஆப்தீனின் பஞ்சச் சித்திரம் ஒன்றின் பிரதியை ஒட்டினேன். மலிவான தாளில் கறுப்பு மையால் அவர் வரைந்தவற்றில் ஒன்று. எலும்பும் தோலுமான மனிதர்களும் காகமும். போன நோன்பில் வந்த பேத்தி இரண்டையும் பார்த்துவிட்டு, "இவங்க ஆரு அப்பா?" என்று கேட்டாள். சேர்ச்சிலை அவளுக்கு ஏற்கெனவே தெரியும், பாடப் புத்தகத்தில் இருக்கிறார். மற்றதைத்தான் கேட்டாள். வங்காளத்தைச் சொன்னேன், கடிதத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மூத்தம்மா திண்ட கூப்பன் அரிசி அங்கயிருந்து வந்ததா?" என்றாள்.

நோன்பு திறக்க நேரமாகிவிட்டது என்று அவளது உம்மா கூப்பிட்டாள். கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம்.