பேராலய முகப்பில் ஒரு தவளை

2015ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருவிழாவன்று, உரோமைப் புனித பேதுரு பேராலயத்தின் முகப்பில் படைப்புலகின் படங்கள் ஒளியால் வரையப்பட்டன. அவற்றுள் ஒரு தவளையின் உருவமும் இருந்தது. அதன் இனத்தில் அன்று உயிரோடிருந்ததாக அறியப்பட்டது அது ஒன்றே. பேராலயத்தில் தவளைக்கு என்ன வேலை என்று நம்மில் சிலர் கேட்கலாம். நமக்குப் பயன்படுமா என்று மட்டும் பார்த்து ஓர் உயிரினத்தை மதிப்பிடலாகாது என்று அவ்வாண்டில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எழுதியிருந்தார்.

பனாமா நாட்டில், அவிந்துபோன எரிமலையின் வாயினுள் எல் வாயே என்னும் ஊர் அமைந்துள்ளது. அதைச் சூழ்ந்த மழைக்காடுகளில், கடல்மட்டத்திற்கு 900 மீட்டருக்கும் மேலே, மர உச்சிகளில் இத்தவளைகள் வாழ்ந்தன. பழுப்பு நிறம், விரல்களுக்கிடையே அகன்ற சவ்வு. கிளையினின்று பாய்கையில் கைகால்களை விரித்துக் காற்றில் மிதக்கும், திசையும் திருப்பிக்கொள்ளும். முட்டையிடத் தரைக்கு வந்து குளம் தேடுவதில்லை. மரப்பொந்தில் தேங்கும் மழைநீரே அதற்குக் குளம்.

அப்பொந்தினுள் நிகழ்வதுதான் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே மரச்சுவரில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் பெண் தவளை அகன்றுவிடும். ஆண் காவலிருக்கும். தலைப்பிரட்டைகள் வெளிவந்தபின், தந்தை தன் பின்னுடலை நீரில் அமிழ்த்தி அமர, அவை அதன் தோலைச் சுரண்டி உண்ணும். தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் பெலிக்கன் பறவையின் சிற்பத்தை ஆலயப் பீடங்களில் நாம் கண்டிருக்கிறோம். அது முன்னோர் நம்பிய கதை. இதுவோ ஆய்வாளர் கண்கூடாகக் கண்டது.

பிள்ளைகளுக்கு உணவான அத்தோலையே நோயும் பற்றியது. தவளைகளின் தோலில் வளரும் ஒரு பூஞ்சை 2006இல் எல் வாயேயை எட்டிற்று. தவளை நீர் அருந்துவது தோலால். மூச்சு விடுவதும் ஓரளவு தோலால். தோல் கெட்டால் உடலின் உப்புகள் குன்றி இருதயம் நின்றுவிடும். தவளைகளை நாடுவிட்டு நாடு கொண்டுசென்ற மனித வணிகமே இந்நோயைப் பரப்பியது என்று அறிஞர் கருதுகின்றனர்.

நோய் வருவதை முன்னறிந்தோர் 2005இல் சில தவளைகளை அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்குக் கொண்டு சென்றிருந்தனர். காட்டில் அவற்றின் குரல் இறுதியாகக் கேட்டது 2007இல்; அறிவியல் அவற்றிற்குப் பெயரிட்டதோ 2008இல்! இனம் பெருக்கும் முயற்சி கைகூடவில்லை. 2009இல், இருந்த ஒரே பெண்ணும் இறந்தது. 2012இல் மற்றோர் ஆணும் மறைந்தது. 'டஃபி' என்று அழைக்கப்பட்ட ஒன்று மட்டும் எஞ்சிற்று.

பிடிபட்ட நாள்முதல் ஊமையாய் இருந்த டஃபி, 2014 டிசம்பரில் திடீரெனக் கூவியது. துணையை அழைக்கும் குரல் அது. பதில் தரப் பெண் தவளை எங்கும் இல்லை. அக்குரலை ஒலிப்பதிவு செய்தனர். 2016 செப்டம்பர் 26ஆம் நாள் டஃபி இறந்தது.