செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் வாழ்க்கைத் தரம்

செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் வாழ்க்கைத் தரம் என்பது, காது கேளாமையுடன் வளரும் குழந்தை தன் உடல்நலம், மனநிலை, நட்பு, பள்ளி வாழ்க்கை ஆகியவற்றில் எவ்வளவு நிறைவாக உணர்கிறது என்பதைக் குறிக்கும். கேட்டல் இழப்பின் அளவு டெசிபலில் கணக்கிடப்படுகிறது. ஆனால் அந்த எண்ணைக் கொண்டு மட்டும் வாழ்க்கைத் தரத்தை அறிய முடியாது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் சுமார் 3.4 கோடி குழந்தைகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தேவைப்படும் அளவுக்குக் கேட்டல் இழப்பு உள்ளது.

அளவிடும் முறை

வாழ்க்கைத் தரம் வினாப்பட்டியல்கள் மூலம் அளக்கப்படுகிறது. பரவலாகப் பயன்படும் பெட்ஸ்-கியூஎல் பட்டியலில் உடல், உணர்வு, சமூகம், பள்ளி ஆகிய நான்கு பிரிவுகளில் 23 வினாக்கள் உள்ளன. இது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. கேட்டல் இழப்புள்ள 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கென 2011இல் ஹியர்-கியூஎல் என்ற 26 வினாக்கள் கொண்ட பட்டியல் வெளியானது. பெற்றோரின் கணிப்பும் குழந்தையின் பதிலும் பல நேரங்களில் வேறுபடுவதால், குழந்தையிடமே கேட்பது முக்கியமாகிறது.

பாதிப்புகள்

நட்பிலும் பள்ளியிலும் பாதிப்பு கூடுதலாகத் தெரிகிறது. காதொலிக் கருவி ஆசிரியரின் குரலோடு மின்விசிறி, நாற்காலி ஓசைகளையும் பெரிதாக்கக்கூடும். அந்த இரைச்சலில் நாள் முழுவதும் கூர்ந்து கேட்கும் குழந்தை எளிதில் களைத்துவிடும். இக்களைப்பு சோம்பலாகவோ கவனக்குறைவாகவோ தவறாகக் கருதப்படுவதுண்டு. ஒரு காது மட்டும் கேளாத குழந்தைக்கும் ஒலி வரும் திசையை அறிவது கடினம். பேச்சு இயல்பாக இருப்பதால் இக்குறை கண்டறியப்படாமலே போகலாம்.

மேம்படுத்தும் வழிகள்

பிறந்த 1 மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பது பரிந்துரைக்கப்படும் கால வரம்பு. மூளையின் மொழி வளர்ச்சிக்கு முதல் சில ஆண்டுகள் அடிப்படையானவை என்பதே இதற்குக் காரணம். காதொலிக் கருவியோ காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சையோ மட்டும் போதாது. தொடர்ந்த பேச்சு, கேட்டல் பயிற்சியும் வேண்டும்.

காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் காது கேட்பவர்கள். ஆகவே, சைகை மொழியைப் பயன்படுத்தும் குழந்தையின் வீட்டார் அதைக் கற்காவிட்டால், சொந்த வீட்டு உரையாடலிலேயே அக்குழந்தை தனித்துவிடப்படும். வகுப்பில் முன்வரிசை இருக்கை, ஆசிரியர் குழந்தையைப் பார்த்துப் பேசுதல், அவர் குரலை நேரடியாகக் கருவிக்கு அனுப்பும் ஒலிவாங்கி, காணொளிகளுக்கு எழுத்துரை ஆகியவை பயனளிக்கின்றன.