பதிவேட்டில் தொலைந்த காடுகள்

திண்டுக்கல் மாவட்டத்தில் எரியோடு, வேடசந்தூர் பக்கத்தில் மானாவாரிக் காடாகக் கிடந்த செம்மண் நிலங்களில் இன்று நூல் மில்லும் வீட்டுமனையும் வந்துவிட்டன. நிலத்துக்கு விலை ஏறும்போதெல்லாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் காடு முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது? 'டி.சி. நிலம்', 'கண்டிஷன் நிலம்' என்று தமிழகக் கிராமங்களில் பெரியவர்கள் சொல்வது பஞ்சமி நிலத்தைத்தான்.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம். தரிசு நிலம் கேட்டு மனு போட்டால் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்கும். ஒடுக்கப்பட்டோர் தலைவர்களான அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் குரல் எழுப்பிய காலமும் அதுதான். 1892-ல் சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒப்படைக்க ஆணையிட்டது. இவைதான் பஞ்சமி நிலங்கள்; டி.சி. என்பது 'டிப்ரெஸ்ட் கிளாஸ்', அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் சுருக்கம். பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் நஷ்டஈடு தராமல் அரசே நிலத்தை எடுத்துக்கொள்ளும். மாகாணம் முழுக்க இப்படி 12 லட்சம் ஏக்கர் தரப்பட்டதாகச் சொல்வார்கள். இத்தனை கட்டுப்பாடு இருந்தும் அதில் பெரும்பகுதி இன்று உரியவர்களிடம் இல்லை.

கைமாறிய விதம் ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒன்றுதான். மகள் கல்யாணம், பிரசவம், மழை பொய்த்த வருஷம் என்று ஒரு நெருக்கடியில் கடன் வாங்குவார்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு. நிலம் வாய்ப்பேச்சில் ஒத்திக்குப் போகும். கடன் கொடுத்தவர் உழுவார், தீர்வையைத் தன் கையால் கட்டுவார், சாகுபடிக் கணக்கான அடங்கலில் அவர் பெயர் ஏறும். 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். வேலை நடந்தது. அப்போது பல கிராமங்களில் உழுதுகொண்டிருந்தவர் பெயருக்கே பட்டா போனது. பழைய பதிவேட்டில் இருந்த டி.சி. குறிப்பு புதியதில் ஏறவில்லை. ஏழைக்குக் காவலாக எழுதிய நிபந்தனை, எழுத்தர் ஒருவர் நகல் எடுக்காமல் விட்ட ஒரு வரியில் அழிந்தது. இதைத் தவறு என்று கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை. பதிவேடு யார் கையில் இருந்தது, யாருக்குச் சாதகமாக அது பிழைபட்டது என்று பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் ஓசேஜ் பழங்குடி மக்களுக்கு நடந்ததும் இதற்கு உறவுதான். கான்சாஸிலிருந்து துரத்தப்பட்ட அவர்கள், இன்றைய ஓக்லஹாமாவில் ஒரு கரட்டு நிலத்தைத் தங்கள் பணத்திலேயே வாங்கினார்கள். அதன் அடியில் எண்ணெய் இருந்தது. 1906-ஆம் ஆண்டுச் சட்டப்படி கனிம உரிமை இனத்துக்கே பொதுவாக நின்றது. வருமானம் 2,229 பங்குகளாகப் பிரிந்தது. பங்கை விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். 1923-ல் மட்டும் அவர்களுக்கு வந்த தொகை 3 கோடி டாலருக்கும் மேல். அவர்களுக்குப் பணத்தை ஆளத் தெரியாது என்று சொல்லி, அரசு 'காப்பாளர்'களை நியமித்தது. ஊரின் வெள்ளை வக்கீலும் வியாபாரியும்தான் காப்பாளர்கள். வெளியார் ஒருவர் வாரிசாக வேண்டுமானால் கல்யாணம் செய்யவேண்டும், பிறகு சாவு நடக்கவேண்டும். மோலி பர்க்ஹார்ட் என்ற ஓசேஜ் பெண்ணின் அக்காள் அன்னா 1921-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். தங்கை ரீட்டாவின் வீடு 1923 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. திட்டம் போட்டவர் வில்லியம் ஹேல் என்ற பெரும் பண்ணைக்காரர். மோலியின் கணவர் எர்னஸ்டுக்கு அவர் சொந்தத் தாய்மாமன். எர்னஸ்டும் அந்தச் சதியில் பங்காளி. ஆயுள் தண்டனை பெற்ற ஹேல் 1947-ல் வெளியே வந்துவிட்டார். மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 2023-ஆம் ஆண்டுப் படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

இங்கே தமிழகத்தில் பெரும்பாலும் கடனும் கைநாட்டுமே வேலையை முடித்தன. நிலத்தைத் திரும்பக் கேட்டபோது துப்பாக்கியும் வந்தது. செங்கல்பட்டு பக்கம் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள்.

தங்கள் பணத்தை அரசு சரியாக நிர்வகிக்கவில்லை என்று ஓசேஜ் மக்கள் தொடுத்த வழக்கில் 2011-ல் 38 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது. அதற்கு அரசின் பழைய கணக்குகளே சாட்சி. நம்மிடமும் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, தாலுகா அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். உங்கள் கிராமத்தின் பெயர், சர்வே எண், யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டு நகல் என்று தெளிவாகக் கேளுங்கள். வந்த நகலை இன்றைய 'அ' பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்து, டி.சி. குறிப்பு எந்தெந்த எண்களில் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்களின் பட்டியலோடு கலெக்டரிடம் மனு கொடுங்கள்.